கொலிமேட்டர் அலைன்மென்ட்டுக்கு லேசர் டிராக்கர்: இரண்டு ஷட்டவுன் அனுபவம்

துகள் முடுக்கியை நிறுத்திவைத்திருந்த இரண்டு இடைவெளிகளில் (ஷட்டவுன்), துகள் கற்றையின் (பீம்) பாதையில் நிற்கும் கொலிமேட்டர்களைச் சரியான இடத்தில் நிறுத்த லேசர் டிராக்கரைப் பயன்படுத்தினோம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று துல்லியத்துக்காக இல்லை, அதைச் சுற்றி நாம் செய்ய வேண்டிய வேலைக்காக.

முதலில் பிடித்தது வேகம். பிரதிபலிப்பான் பந்தை எடுத்துப்போய் கொலிமேட்டர் தொட்டியின் மேலுள்ள குறிக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். டிராக்கர் அதைத் துரத்திக்கொண்டே வந்து இரண்டு கோணமும் ஒரு தூரமும் அளந்து இடத்தைச் சொல்லிவிடும், தாங்கியின் திருகைத் திருப்பத் திருப்ப விலகல் குறைவதைத் திரையிலேயே பார்க்கலாம். இது வெறும் சௌகரியம் இல்லை. பீமின் ஓரத்தில் அலையும் துகள்களை வாங்கிக்கொள்வதுதான் கொலிமேட்டரின் வேலை என்பதால் சுரங்கத்திலேயே கதிர்வீச்சு அதிகம் தங்கும் இடங்களில் அதுவும் ஒன்று, அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் நம் உடம்புக்கு மிச்சம்.

இப்போது குறைக்கு வருகிறேன். முதல் ஷட்டவுனில் அவசரப்பட்டு, கருவி சூடேறி நிலைப்படும் முன்பே அளக்க ஆரம்பித்தோம். காலையில் எடுத்த அளவும் மதியம் எடுத்ததும் 80 மைக்ரான் வரை வேறுபட்டன, யாரோ தாங்கியை இடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பார்த்தால், காற்றோட்ட விசிறியும் லேசர் போகும் பாதையில் நேராக வீசிக்கொண்டிருந்தது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் 10 மீட்டரில் சுமார் 10 மைக்ரான் பிழை வரும், ஒரு மீட்டர் எஃகுத் தாங்கியும் அதே ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் அளவுக்கு நீளும், இரண்டும் சேர்ந்தால் கணக்கு எங்கோ போய்விடுகிறது. எல்லாவற்றையும் திரும்ப அளந்தோம். கிண்ணத்தில் தூசி இருந்தாலும் இதே கதைதான், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டே பந்தை வையுங்கள்.

இன்னொன்று, டிராக்கருக்குத் தெரிவது தொட்டியின் வெளிக்குறிகள் மட்டும். வெற்றிடத்துக்குள் பீமின் பக்கத்தில் நின்று துகள்களை வாங்கிக்கொள்ளும் தாடைகள் அந்தக் குறிகளுக்கு எங்கே இருக்கின்றன என்பது, மூடுவதற்கு முன் எடுத்த அளவுத் தாளை நம்பித்தான். பீமும் குழாயின் நட்ட நடுவில் போவதில்லை. அதனால் கடைசி வேலையைப் பீமை வைத்துத்தான் முடிக்க வேண்டும்: தாடையை 5 அல்லது 10 மைக்ரான் படிகளாக நகர்த்தி, பீமிலிருந்து இழக்கும் துகள்களைக் காட்டும் இழப்புக் கண்காணிப்பான் சட்டென்று எகிறும் இடத்தில் நிறுத்துவது. செர்னின் பெரிய துகள் முடுக்கியான எல்எச்சியில் இப்படிக் கிட்டத்தட்ட 100 கொலிமேட்டர்களை ஆரம்பத்தில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தார்கள், அப்புறம்தான் கணினியிடம் ஒப்படைத்தார்கள். 2013–14 நிறுத்தத்தில் சில கொலிமேட்டர்களின் தாடைக்குள்ளேயே பீம் இருப்பிடம் காட்டும் பொத்தான் வடிவ உணரிகளைப் பொருத்தினார்கள். அதில் பீமைத் தொடாமலே சுமார் 20 நொடியில் நடுவைக் கண்டுபிடித்துவிடலாம். புதிய கொலிமேட்டர் வாங்குபவர்கள் இந்தப் பொத்தான் தாடையைக் கட்டாயம் கேளுங்கள்.

சரி, அப்படியானால் டிராக்கர் எதற்கு? சாய்வுக்கு. ஒரு மீட்டர் தாடையின் ஒரு முனை 100 மைக்ரான் விலகியிருந்தால் அதைப் பீமை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்க நிறைய நேரம் போகும், டிராக்கரில் சில நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே மூன்றாவது ஷட்டவுனுக்கும் இதைத்தான் கேட்டிருக்கிறேன், கூடவே உபரியாக இரண்டு பிரதிபலிப்பான் பந்துகளும்.