பார்ட்டி மாடலோடு பதிமூன்று வருடம்

திருப்பூர் பக்கம் நூல் வியாபாரிகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. 2012-இல் ஆரம்பித்தபோது கஸ்டமருக்கு ஒரு கிளாஸ் (கோடில் ஒரு வகைக்கான அச்சு), சப்ளையருக்கு ஒரு கிளாஸ் என்று வைத்தேன். முதல் வருடமே இடித்தது. ஒரு சாயப்பட்டறைக்காரர் கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுப்பார், அதே கம்பெனியில் நூலும் வாங்குவார். "தம்பி, ஒரே ஆளுக்கு எதுக்கு ரெண்டு பாக்கி காட்டுது?" என்று முதலாளி போன் போட்டார்.

அப்புறம்தான் பார்ட்டி மாடல் என்ற மென்பொருள் வடிவமைப்பு முறைக்கு மாறினேன். ஆளோ நிறுவனமோ, அது ஒரு பார்ட்டி. வாங்குபவர், விற்பவர், கூலிக்குச் செய்பவர் எல்லாம் அதன்மேல் மாட்டும் ரோல்கள். அந்தப் பெயரைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கடைவீதியில் நாள் முழுக்க "பார்ட்டி பேமென்ட் வந்துச்சா?" என்றுதானே கேட்கிறார்கள்! பின்னால் நூல் புரோக்கர்களைச் சேர்க்க வேண்டி வந்தபோது ஒரு ரோல் கூடியது, அவ்வளவுதான். பழைய கோடில் கை வைக்கவில்லை.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது ஒரு தப்பு செய்தேன். ஜிஎஸ்டி எண்ணைப் பார்ட்டியிலேயே வைத்துவிட்டேன். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்குப் பாலக்காட்டில் கிளை இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிவு. இங்கே 33 என்று தொடங்கும் எண், அங்கே 32. பாலக்காட்டுக்குப் போன சரக்குக்கும், ஒரே மாநிலத்துக்குள் விற்றால் போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரிகளைப் போட்டு பில் அடித்துத் தள்ளியது மென்பொருள். போட வேண்டியது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி. பதிவு எண்ணைத் தனி ஆப்ஜெக்ட்டாக (கிளாஸ் அச்சில் வார்த்த தனி உருப்படி) பிரித்து, பழைய பில்களைத் திருத்திக் கொடுக்க இரண்டு வாரம் ஆனது.

வரி விகிதத்தை மட்டும் முதலிலிருந்தே தேதியோடு வைத்திருந்தேன், விலை வரம்பும் அட்டவணையின் அதே வரிசையில். 2025 செப்டம்பர் 22-இல் ஆயத்த ஆடைக்கு 5 சதவீத வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ஆனது, அதற்கு மேல் 12 போய் 18 வந்தது. முந்தின நாள் சாயங்காலம் இரண்டு வரிசை சேர்த்தேன், வேலை முடிந்தது. பழைய பில்லின் சரக்கு திரும்பி வந்தாலும் அந்தத் தேதியின் விகிதத்தையே எடுத்துக்கொள்கிறது.

சரக்கில்தான் தோற்றேன். சரக்கு, அதன் கீழ் நூல், அதன் கீழ் சாய நூல் என்று இன்ஹெரிட்டன்ஸ் ஏணி கட்டினேன், கீழ் வகை மேல் வகையின் குணங்களை அப்படியே வாங்கிக்கொள்ளும் முறை அது. நூல் சாயத்துக்குப் போய் வந்தால் சாய நூல் ஆகிவிடும். ஆப்ஜெக்ட் தன் கிளாஸை மாற்றிக்கொள்ளுமா? ஏணியைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரே சரக்கு, அது எந்த நிலையில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று மட்டும் குறிக்கிறேன். மூட்டை 50 கிலோ என்று கோடிலேயே எழுதிவைத்து, 60 கிலோ மூட்டை வந்த அன்று முழித்ததும் உண்டு.

போன மாதம் ஒரு மருந்துக்கடைக்கு எழுதினேன். பார்ட்டி, பதிவு எண், தேதியிட்ட வரி மூன்றும் அப்படியே போய் உட்கார்ந்தன. ஸ்டாக்கை மட்டும் புதிதாகத்தான் எழுதினேன். அங்கே பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரி தேதியும் அல்லவா பேசுகின்றன.