ரோசா போனரின் உழவு மாடுகளும் மயிலாப்பூர் பிரேம் கடையும்

நீளமான படத்தைக் கொடுத்தால் கையில் இருக்கும் பிரேம் அளவுக்கு இரண்டு ஓரத்தையும் நறுக்கிவிடுகிற கடைகள்தான் அதிகம். மாட வீதிப் பக்கம் இருக்கும் இந்தக் கடையில் அதைச் செய்யவில்லை, அதற்காகவே எழுதுகிறேன்.

நான் பிரிண்ட் எடுத்து பிரேம் போடக் கொடுத்தது பிரெஞ்சு ஓவியர் ரோசா போனர் 1849-இல் வரைந்த உழவு ஓவியம். மூலம் பாரீஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 260 சென்டிமீட்டர், உயரம் அதில் ஏறத்தாழ பாதி. ஏருக்கு ஆறு மாடு, இரண்டு ஏர். உழுகிறவர்கள் ஓரமாக ஒதுங்கிவிட, படம் முழுக்க மாடுகளும் புரட்டிப் போட்ட மண்ணும்தான், நடுவில் ஒரு மாடு நேராக நம்மைப் பார்க்கும். ஓரத்தை வெட்டினால் பின்னால் வரும் ஏர் போய்விடும் என்றேன். "அப்ப நாலுக்கு ரெண்டு அடின்னு தனியா போட்டுடலாம்மா" என்றார் கடைக்காரர்.

முதல் பிரிண்டில் மண் மஞ்சளாக வந்திருந்தது, மறுபேச்சு இல்லாமல் வேறு போட்டுக் கொடுத்தார்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை, ஏனென்றால் மாட்டின் எலும்பும் தசையும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்க இறைச்சிக்கூடங்களுக்கே போய் நின்று வரைந்த பெண் ரோசா, சந்தைகளுக்குப் போக வசதியாகக் கால்சட்டை போடுவதற்குக்கூட அந்தக் காலத்துப் பாரீஸில் போலீஸிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1865-இல் பிரான்ஸின் லீஜியன் ஆஃப் ஹானர் விருது அவருக்குக் கிடைத்தது, ஓவியம் வரையும் பெண் ஒருவருக்கு அதுதான் முதல் முறை. அப்படிப்பட்டவர் வரைந்த மண் மண்ணாகத் தெரிய வேண்டாமா?

வேலை சுத்தம். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் என்கிற ஓர அட்டை வைத்து இடைவெளி விட்டிருக்கிறார்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது இல்லையென்றால் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் பூச்சி போகாமல் சுற்றிலும் டேப்.

குறை என்றால், சொன்ன தேதிக்குத் தரவில்லை, போன் செய்தால்தான் பதில். சாதாரணக் கண்ணாடி போட்டதால் ராத்திரியில் டியூப்லைட் அதில் அடிக்கிறது. பளபளப்பு இல்லாத கண்ணாடியும் உண்டு என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம், நீங்கள் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கொடுக்கலாம்.

அடுத்து ரோசாவின் குதிரைச் சந்தை ஓவியத்தைக் கொடுக்கப் போகிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலம் 5 மீட்டருக்கு மேல் அகலம், அதையும் நறுக்காமல்தான் போட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.