பிஎஃப்க்யூ: நான்கு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

யாங்கோன் காளியம்மன் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடியோ கடை. கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று நம் ஆட்கள் வீட்டு விசேஷங்களை எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறோம். பதிவுகள் எல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் ஒரே கம்ப்யூட்டரில், 7200 சுழற்சி ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. அத்தனை டெராபைட்டுக்கும் எஸ்எஸ்டி வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் டிஸ்கை விட்டுவிட்டு, டிஸ்குக்குப் போகும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் என்ற மென்பொருளை மாற்றி, பிஎஃப்க்யூ என்ற ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.

மாற்ற வைத்தது ஒரு கல்யாண வீடியோ. பெண் வீட்டார் எட்டுப் பேர் கடைக்கு வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வேறொரு கேமரா கார்டை அதே டிஸ்கில் இறக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், படம் அப்படியே நின்றுவிட்டது. "என்ன தம்பி, கரண்டு போயிடுச்சா?" என்று பாட்டி கேட்டார். கரண்ட் இருந்தது. அந்த ஒரு காட்சிக்குள் மூன்று முறை நின்றது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கணக்குப் போட்டால் நிற்கவே கூடாது. எங்கள் வீடியோ நொடிக்கு 50 மெகாபிட், அதாவது 6 மெகாபைட் சொச்சம். டிஸ்க் நொடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் தரும். ஆனால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 40 மில்லி நொடிதான். அன்று இரவு ஐஓஸ்டாட் என்ற கட்டளையைப் போட்டு, படிக்கக் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் பத்தியைப் பார்த்தேன். கார்டை இறக்கும்போது எண்கள் நூற்றுக்கணக்கான மில்லி நொடிக்கு ஏறின. நம்மைக் கெடுப்பது சராசரி வேகம் இல்லை, இந்தக் காத்திருப்புதான்.

உபுண்டுவில் இப்படிப்பட்ட சாட்டா டிஸ்குக்கு இயல்பாக வருவது எம்க்யூ-டெட்லைன் என்ற ஷெட்யூலர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, தண்ணீர் கேன் போடும் பையன் மாடி வரிசைப்படிதான் ஏறுவான். நாலாம் மாடி, முதல் மாடி, ஐந்தாம் மாடி என்று அலைந்தால் அவன் கால் என்ன ஆவது? டிஸ்கில் படித்து எழுதும் தலையையும் அப்படித்தான் வரிசையாக ஓட்டுகிறார்கள். ஆனால் கீழ்மாடியிலிருந்தே ஆர்டர் வந்துகொண்டிருந்தால் ஆறாம் மாடிக்காரர் காய்ந்துபோவார். அதற்காகத்தான் கெடு வைத்திருக்கிறார்கள்: படிப்பதற்கு 500 மில்லி நொடி, எழுதுவதற்கு 5000. வீடியோவுக்கு 500 என்றால் பன்னிரண்டு ஃபிரேம் போச்சு. கெடு தாண்டினால் உடனே கிடைத்துவிடும் என்ற உறுதியும் இல்லை.

முதலில் அதையே திருகிப் பார்த்தேன். படிக்கும் கெடுவை 100 ஆக்கினேன், ஒரே மூச்சில் அனுப்பும் தொகுதியை 16-இலிருந்து 4 ஆகக் குறைத்தேன். நிற்பது குறைந்தது, ஒழியவில்லை. நகலெடுக்கும் வேலையின் டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்க ஐயோநைஸ் என்ற கட்டளையைப் போட்டும் பார்த்தேன், பிரயோசனம் இல்லை. அப்புறம்தான் காரணம் விளங்கியது. நகலெடுக்கும் நிரல் எழுதுவது நேராக டிஸ்குக்குப் போவதில்லை. முதலில் மெமரியில் சேர்கிறது, பிறகு லினக்ஸின் மையமான கர்னல் தன் சொந்தக் கணக்கில் மொத்தமாக இறக்குகிறது. அந்த நிரலுக்கு நாம் கொடுத்த முன்னுரிமை அங்கே செல்லாது.

உண்மையான முதல் தீர்வு ஷெட்யூலருக்கு வெளியே கிடைத்தது. எழுதாமல் மெமரியில் தேங்கும் அளவு, இயல்பில் கிடைக்கும் மெமரியில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் கர்னல் பின்னணியில் இறக்கத் தொடங்கும். இருபதைத் தாண்டினால் எழுதும் நிரலையே தடுத்து நிறுத்தும். 16 ஜிபி மெஷினில் இது ஜிபி கணக்கு. பின்னணி எல்லையை 64 மெகாபைட்டுக்கும், மேல் எல்லையை 256-க்கும் இறக்கினேன். வெள்ளமாக வந்தது வாய்க்காலாக வரத் தொடங்கியது. திடீரென்று கரண்ட் போனால் இழக்கும் தரவும் குறைவு, எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

அதன்மேல் பிஎஃப்க்யூவைப் போட்டேன். 2017-இல் 4.12 கர்னலோடு சேர்ந்த ஷெட்யூலர் இது. உபுண்டுவில் மாட்யூலாக, அதாவது கர்னலில் தேவைப்படும்போது ஏற்றும் துண்டாக இருக்கிறது, ஏற்றிவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு நிரலுக்கும் தனி வரிசை வைத்து, டிஸ்கில் இத்தனை செக்டர் (சிறு துண்டு) என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது, படிக்கும் நிரல் ஒன்றைக் கேட்டு முடித்ததும் 8 மில்லி நொடி வரை சும்மா காத்திருப்பது. வீடியோ பிளேயர் அடுத்த துண்டைக் கேட்பதற்குள் தலை வேறு பக்கம் ஓடிவிடாது. இப்போது கார்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே படம் போட்டுக் காட்டுகிறேன். நான்கு மாதத்தில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

விலை உண்டு. கார்டு இறங்க முன்பைவிட நேரமாகிறது, சிபியூவும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறது. நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். இரவில் பேக்கப் மட்டும் ஓடும்போது பழைய ஷெட்யூலருக்கே திரும்பிவிடுகிறேன். எடிட்டிங் மெஷினில் இருக்கும் சின்ன என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கு, ஷெட்யூலரே வேண்டாம் என்று சொல்லும் 'நன்' என்ற அமைப்பே போதும், அங்கே பிஎஃப்க்யூவைத் தூக்கிப்போட வேண்டாம்.

இன்னொன்று, டிஸ்குக்குள்ளேயே 32 கோரிக்கை வரை வாங்கி வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு வரிசை மாற்றும் வசதி இருக்கிறது. அதற்குள் போய்விட்டதை ஷெட்யூலரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஆழத்தை 4 ஆகக் குறைத்த பிறகு என் எண்கள் இன்னும் நிதானமாயின. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்காக இருந்தால் இதெல்லாம் பாதிதான் உதவும். என்னிடம் உள்ள ஒரு வெளி டிஸ்க் அந்த வகை. நீண்ட நேரம் எழுதினால் அதுவே திணறிப்போகும்.

முதல் வாரம் எனக்கு இன்னொரு சோதனை. செவ்வாய்க்கிழமை சரியாக ஓடியது, வியாழக்கிழமை மறுபடி நின்றது. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். நடுவில் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் ஓய்ந்து, மெஷின் மறுபடி கிளம்பியிருக்கிறது. கர்னல் அமைப்புகளைக் காட்டும் சிஸ் அடைவுக்குள் கையால் எழுதியவை எல்லாம் போய்விட்டன. ஷெட்யூலர் பெயரையும் வரிசை ஆழத்தையும் மெஷின் கிளம்பும்போது தானாகவே அமையும்படி ஒரு யூடெவ் விதியிலும், மெமரி எல்லைகளை சிஸ்கன்ட்ரோல் (sysctl) கோப்பிலும் எழுதி வையுங்கள். மெஷினை ஒருமுறை முழுதாக அணைத்துப் போட்டு, எல்லாம் திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகே வாடிக்கையாளரை உட்கார வையுங்கள்.