நாய் படுத்தே கிடந்தால்: உவர்மலை மிருக வைத்தியர் பற்றி

திருகோணமலை டவுனில் நாய் வளர்க்கிற பலருக்கு இந்த டொக்டரைத் தெரிந்திருக்கும். உவர்மலைப் பக்கம், வீட்டோடு சேர்ந்த ஒரு அறையில் பின்னேரங்களில் பார்க்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்றார், ஏற்கனவே வாசலில் கூட்டம் தாங்கவில்லையாம். ஓட்டோக்காரரிடம் கேட்டால் கொண்டுபோய் விடுவார்.

எங்கள் சீசர் ஊர்நாய்க் கலப்பு. கச்சான் அடிக்கிற மாதங்களில் இங்கே எந்த நாய்தான் மத்தியானம் எழும்பி நடக்கும்? கிணற்றடி ஈரத்தில் வயிற்றை வைத்துக் கிடக்கும், வெயில் தணிந்து மீன்காரரின் ஹோர்ன் கேட்டதும் கேற்றுக்கு ஓடும். இவன் பொழுதுபட்டும் எழும்பவில்லை, மீன்தலை போட்டுப் பிசைந்த சோற்றை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதனால்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

டொக்டர் எடுத்தவுடனே ஊசியைத் தொடவில்லை. வெயில் இறங்கிய பிறகும் இப்படியா, தண்ணீர் குடிக்கிறானா, மூத்திரம் என்ன நிறம், சத்தி உண்டா என்று கேட்டுக்கொண்டே உதட்டை உயர்த்தி முரசை விரலால் அழுத்திவிட்டார். அழுத்திய இடம் வெளிறி, இரண்டு செக்கனுக்குள் திரும்பவும் இளஞ்சிவப்பாக வர வேண்டும். சீசருக்கு அழுத்தாமலே வெளிறித்தான் இருந்தது. காய்ச்சல் 104 பாகை பரனைட். நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம், மனிதரைவிடச் சூடு கூடின உடம்பு, ஆகவே நெற்றியில் கை வைத்தோ மூக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்த்தோ ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. காது மடிப்புக்குள் தேடி, உளுந்து போல ஊதிப்போயிருந்த உண்ணிகளைக் காட்டினார். பிறகு காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு அங்கேயே நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பபேசியா. உண்ணி பரப்புகிற ஒட்டுண்ணி, சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துவிடும், அதனால்தான் நாய் இரத்தம் குறைந்து சோர்கிறது. தகட்டில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உண்ணிக்காய்ச்சல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார், இது எனக்குப் பிடித்தது.

எப்போது ஓடிவர வேண்டும் என்று கேட்டதற்கு அவசரப்படாமல் விளக்கினார். வளர்ந்த நாய் ஒரு நாள் சோம்பினாலும் சாப்பிட்டு, பெயர் சொன்னால் வாலை ஆட்டினால் பார்த்துக்கொண்டிருக்கலாம், 24 மணித்தியாலம் தாண்டினால் காட்ட வேண்டும். முரசு வெளிறினால், மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால், சும்மா கிடக்கும்போதே மூச்சு வாங்கினால், வயிறு ஊதி, சத்தி எடுக்கப் பார்த்தும் ஒன்றும் வராவிட்டால் விடியும் வரை இருக்கக்கூடாது. குட்டி என்றால் ஒரு நாள் தவணைகூட இல்லை, பார்வோ என்கிற வைரஸ் வருத்தம் வந்தால் உடம்புத் தண்ணீர் அவ்வளவு வேகமாக வற்றிவிடும். கருத்தடை செய்யாத பெட்டை நாய், பருவம் முடிந்து சில கிழமைகளில் சோர்ந்து தண்ணீரை அதிகமாகக் குடித்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். பனடோல் கொடுக்கவே வேண்டாம், ஈரலும் சிவப்பணுவும் சேர்ந்து கெடும். (வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா பாதி கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார், நல்ல ஏச்சு வாங்கினார்.)

சீசருக்கு ஊசியும் டொக்சிசைக்கிளின் குளுசையும். குளுசையை வெறும் வயிற்றில் கொடுத்தால் சத்தி எடுக்கும், சோற்றோடு கொடுங்கள், சுகமானதும் இடையில் நிறுத்தாதீர்கள் என்றார். இரண்டு மூன்று நாளில் சோற்றைத் தொட்டான், முரசுக்கு நிறம் திரும்பக் கொஞ்சக் காலம் எடுத்தது.

குறை இல்லாமல் இல்லை. நம்பர் கொடுக்கிற வழக்கமே கிடையாது, குரல் பெரிசாக இருக்கிறவர் முதலில் உள்ளே போகிறார். பூனை, நாய் எல்லாம் ஒரே வாங்கடியில், பூனைக்காரர்கள் பாவம். எக்ஸ்ரே, ஸ்கேன் இல்லை. அது தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு எழுதித் தருகிறார், வருத்தக்கார நாயோடு அவ்வளவு தூரம் வான் பிடித்துப் போவது லேசான காரியம் இல்லை. காசு நியாயம்தான், ஆனால் கேட்டால்தான் பில் தருகிறார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். போகிறவர்கள் வாய்க்கட்டு கொண்டுபோங்கள், மூத்திரத்தை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது, நிறத்தை வாயால் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.