வெட்சியா, குருந்தா?

யாழ்ப்பாணத்து வளவில் ஆண்டு முழுக்கப் பச்சை வேண்டுமென்றால் இந்த இரண்டும் நம் மண்ணுக்குரியவை. நாங்கள் எக்ஸோரா என்று கூப்பிடும் வெட்சி, கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூக்கும், முருகனுக்கும் ஆகும். ஆனால் அடியில் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணீரும் அதே சுண்ணாம்பு. அதனால் வெட்சியின் இளம் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது நோயல்ல, இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாத நிலை. இலைக்குப்பை போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

குருந்து முள்ளுச்செடி, மெதுவாகத்தான் வளரும். மாணிக்கவாசகர் கதையில் வருகிற அதே குருந்துதான். வெள்ளைப்பூ மணக்கும், காய் குட்டித் தேசிக்காய் மாதிரி. வறட்சியைத் தாங்கும். இலையைப் புழு தின்றால் மருந்தடிக்காதீர்கள், அந்தப் புழுதான் அப்புறம் வண்ணத்துப்பூச்சியாகும்.

வாசலுக்கு வெட்சி சரி. வேலிக்கு நான் குருந்தைத்தான் வைப்பேன்.