வாக்குவோலைக் காட்ட பீட்ரூட்டா, வெங்காயமா?

பதினொன்றாம் வகுப்பில் வாக்குவோல் (தாவரச் செல்லுக்குள் இருக்கும் சாறு நிறைந்த பை) பாடம் வந்தால் முன்பெல்லாம் பீட்ரூட்டோடுதான் போவேன். இரண்டு வருடமாக, தோல் சிவந்த பெரிய வெங்காயம்.

பீட்ரூட் சோதனை எளிது. துண்டுகளைச் சாயம் போகும்வரை கழுவி, ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் இன்னொன்றை 70 டிகிரி வெந்நீரிலும் போட்டால், வெந்நீர் மட்டும் சிவக்கும். சூட்டில் சவ்வுகள் சிதைந்து, வாக்குவோலில் இருந்த நிறம் வெளியே வருகிறது. மைக்ரோஸ்கோப் தேவையில்லை, கடைசி பெஞ்சுக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகள் மனதில் வாக்குவோல் வெறும் சாயப்பை என்றே பதிந்துவிடுகிறது. என்னை மாற்றியது அதுதான்.

வாக்குவோலின் வேலையே அமிலத்தை வைத்துத்தான் நடக்கிறது. அதைச் சுற்றியுள்ள டோனோபிளாஸ்ட் சவ்வில் இரண்டு வகைப் பம்புகள் உண்டு. ஒன்று செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழிக்கும், மற்றது பைரோபாஸ்பேட் என்ற இன்னொரு ஆற்றல் மூலக்கூறை. இரண்டும் புரோட்டான்களை, அதாவது அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகளை, உள்ளே தள்ளுவதால் உள்ளே பி.எச். சுமார் 5.5, வெளியே சைட்டோபிளாசத்தில் 7க்குச் சற்று மேல். அந்த வித்தியாசம்தான் சரக்கு ஏற்றும் விசை. அராபிடாப்சிஸ் செடியில் 2006இல் கண்டது இது: ஒரு புரோட்டான் வெளியேற, இரண்டு நைட்ரேட் உள்ளே வரும். பீட்ரூட்டில் சர்க்கரை சேர்வதும் புரோட்டானுக்கு மாற்றாகத்தான். மண்ணில் நைட்ரேட் குறையும்போது செடி இந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

சரி, இந்த அமிலத்தை எப்படிக் காட்டுவது? பீட்ரூட்டின் பீட்டாலைன் நிறம் பி.எச். 3 முதல் 7 வரை பெரிதாக மாறாது. வெங்காயத்தின் ஆந்தோசயனின் என்ற நிறமி மாறும். ஊதாத் தோலை உரித்து, ஸ்லைடில் வைத்து, மிக நீர்த்த அமோனியாவை ஒரு சொட்டு விட்டால் செல்கள் ஒவ்வொன்றாக நீலமாகும். மின்சுமையில்லாத அமோனியா சவ்வைத் தாண்டிப் போய் உள்ளிருக்கும் புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது; அமிலம் குறைவதால்தான் அந்த நீலம். முதல் தடவை ஒரு மாணவி, "டீச்சர், இவ்வளவு நேரம் உள்ளே புளிப்பா இருந்துச்சா?" என்று கேட்டாள். பீட்ரூட் வைத்து நடத்திய வருடங்களில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நீலம் காட்டுவது அமிலம் இருந்ததை மட்டும்தான். நைட்ரேட் ஏறி இறங்குவதைக் கரும்பலகையில்தான் சொல்கிறேன். ரியோ செடியின் ஊதா இலையைப் பிளாஸ்மா சிதைவுக்கு (செல் நீரிழந்து உள்ளே சுருங்குவதைக் காட்ட) மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் இதில் சேர்க்கவில்லை.

அமோனியா கூடினால் செல் செத்து நிறம் கசிந்துவிடும். அரை சொட்டில் தொடங்குங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். மைக்ரோஸ்கோப் ஒன்றுதான் இருக்கிறது, பிள்ளைகள் அறுபது பேர் என்றால் பீட்ரூட்டையே எடுத்துப் போங்கள்.