அலுமினியத் தகட்டில் அச்சிட்ட நான்கு படங்கள்

சுவரில் மாட்டுவதற்காகப் புகைப்படங்களை அலுமினியத் தகட்டில் அச்சிட்டுத் தரும் இணையச் சேவை ஒன்றிடம் நான்கு படங்களைக் கொடுத்து வாங்கி, எட்டு மாதங்களாகத் தினமும் அவற்றைப் பார்த்துவருகிறேன். இரண்டு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தன; ஒன்று சுமார்; ஒன்றைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டேன். நான்கையும் அச்சிட்டவர்கள் ஒருவரே என்பதால், இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் என்னுடைய தேர்வுதான் காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த முறையில் மை தகட்டின் மேல் நேரடியாகப் படிவதில்லை. படம் முதலில் இடவலம் மாறி ஒரு தனித் தாளில் அச்சாகிறது. அந்தத் தாளைப் பாலிமர் பூச்சுள்ள தகட்டின் மீது வைத்து ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தும்போது, சாயம் நேரே ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்து, சூடு தணிந்ததும் அங்கேயே தங்கிவிடுகிறது. கண்ணாடிச் சட்டம் இல்லாமலே தகட்டை மாட்ட முடிவதும், ஈரத்துணியால் துடைத்தால் நிறம் கையோடு வராததும் இதனால்தான். படம் தேர்ந்தெடுப்பவர் இதில் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு: இம்முறையில் பொதுவாக வெள்ளைச் சாயம் என்ற ஒன்றே கிடையாது. படத்தில் வெள்ளை இருக்கும் இடத்தில் சாயம் ஏறாமல் அடித்தளம் அப்படியே தெரியும். அடியில் வெள்ளைப் பூச்சு இருந்தால் வெள்ளை வெள்ளையாக இருக்கும். பூச்சு நிறமற்றதாக இருந்தால் வெறும் அலுமினியம்தான் வெள்ளைக்குப் பதிலாக நிற்கும்.

முதல் படம், அந்தி மயங்கும் நேரத்தில் எடுத்த ஏரி. கருநீல நீர், தொலைவில் ஒரு படகு, அதன் விளக்கு நீரில் நீண்டு கிடக்கும் மஞ்சள் கோடு. வெள்ளைப் பூச்சின் மேல் பளபளப்பான மேற்பரப்பைக் கேட்டிருந்தேன். காகிதத்தில் இதே படம் என்னிடம் இருக்கிறது; அதில் அந்தக் கோடு மஞ்சள் நிறம், அவ்வளவுதான். தகட்டிலோ அறையைக் கடந்து நடக்கும்போது அந்தக் கோடு மங்கி மீண்டும் ஒளிர்வது போலத் தோன்றுகிறது. நீர், இரவு நேரத் தெருவிளக்குகள், வாகனங்கள், மழையில் நனைந்த தரை என்று ஒளியைத் திருப்பியடிக்கும் பொருள்கள் உள்ள படங்களுக்குப் பளபளப்புத் தகடு பொருந்துவது, அதன் மேற்பரப்பும் அதே வேலையைச் செய்வதால்தான். இருட்டு நிறைந்து, சிறிதளவே வெளிச்சம் உள்ள படமாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, ஒரு பழைய மிதிவண்டிச் சக்கரத்தின் கறுப்பு வெள்ளைப் படம். இதை வெள்ளைப் பூச்சு இல்லாத, மெல்லிய தேய்ப்புக் கோடுகள் தெரியும் தகட்டில் கேட்டேன். ஆரக்கால்களின் மீது பட்டிருந்த வெளிச்சம் எல்லாம் இப்போது உண்மையான உலோகம். பார்க்க வருபவர்கள் விரலால் தொட்டுப் பார்க்காமல் போனதில்லை. பளபளப்பான தகட்டைப் போலன்றி இதில் விரல்ரேகையும் அவ்வளவாகத் தெரிவதில்லை.

இந்த வெற்றி தந்த தைரியத்தில்தான் மூன்றாவதில் தவறினேன். என் மகள் வெள்ளைச் சட்டையுடன் சன்னலோரம் நிற்கும் படம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. அதையும் வெள்ளைப் பூச்சில்லாத தகட்டிலேயே அச்சிடச் சொன்னேன். வந்தபோது சட்டை வெள்ளித்தாளாக மாறியிருந்தது. கன்னத்தில் வெளிச்சம் பட்ட இடம் துத்தநாகத் தகடு போல மின்னியது. பல் தெரியச் சிரித்த சிரிப்பில் பற்களும் சாம்பல் நிறம். அச்சில் குறையே இல்லை. மனிதத் தோலும் வெண்மையும் நிறைந்த படத்தை அந்தத் தகட்டுக்குக் கொடுத்ததுதான் குறை. முகங்களை உலோகத்தில் அச்சிட்டே தீர வேண்டும் என்பவர்கள் வெள்ளைப் பூச்சையும் பளபளப்பற்ற மேட் மேற்பரப்பையும் கேட்பது நல்லது. பளபளப்பு தோலின் எண்ணெய்ப் பிசுக்கையும் சுருக்கத்தையும் கூட்டிக் காட்டும். மென்மையாக எடுத்த முகம் கடுமையாகிவிடும்.

நான்காவது குடும்பப் படம். இதை வெள்ளைப் பூச்சில், மேட் மேற்பரப்பில், 16க்கு 24 அங்குல அளவில் கேட்டேன். என்னிடம் இருந்தது வாட்ஸ்அப் வழியாக வந்த கோப்பு. அதன் நீளப் பக்கம் 1600 பிக்சல். அதை 24 அங்குலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 67 பிக்சல்கூட முழுதாக வராது. அந்தக் கோப்பையும் சேவையின் தளம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது என்பதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணிமைகள் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் சந்தேகம் வந்து, படம் எடுத்த தம்பியிடம் கைபேசியில் உள்ள மூலக் கோப்பையே கேட்டு வாங்கினேன். அது 4032க்கு 3024 பிக்சல். அங்குலத்துக்கு 168 பிக்சல் கிடைத்தது. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும் என்பார்கள். நான்கைந்து அடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 150 இருந்தாலே நிறைவாக இருக்கும் என்பது என் அனுபவம்.

இருந்தும் இது சுமாராகப் போனதற்கு இரண்டு காரணங்கள். கைபேசிப் படம் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருக்க, நான் கேட்ட தகடோ 3க்கு 2. மேலும் கீழும் வெட்டியாக வேண்டும். தளம் தானாகவே வெட்டிக்கொண்டது. பின்வரிசையில் உயரமாக நின்ற சித்தப்பாவின் தலைமுடி அத்தோடு போயிற்று, அவரும் அதை இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். தளம் காட்டும் முன்னோட்டத்தை அவசரமாகக் கடந்ததன் விலை அது. 18க்கு 24 அங்குலத் தகட்டைக் கேட்டிருந்தால் எதையும் வெட்ட வேண்டியதே இல்லை. மற்றொன்று, படம் திரையில் கண்டதைவிட இருண்டு வந்தது. திரை தானே ஒளிர்கிறது. தகடு அறையின் வெளிச்சத்தை மட்டுமே திருப்பித் தர முடியும். பலரைப் போல நானும் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் படத்தைச் சரிபார்த்திருந்தேன். பின்வரிசையில் நிழலில் நின்றவர்களின் முகங்கள் தகட்டில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அனுப்பும் முன் திரையின் ஒளியைப் பாதியாகக் குறைத்து, அப்போதும் நிழல் பகுதிகளில் விவரம் தெரிகிறதா என்று பார்த்து, தேவையானால் நிழல்களை மட்டும் சற்றே வெளிச்சமாக்கியிருந்தால் இது நேர்ந்திராது.

மாட்டும் இடமும் தேர்வின் ஒரு பகுதிதான். ஏரிப் படத்தை முதலில் சன்னலுக்கு நேர் எதிரே மாட்டினேன். பகல் முழுவதும் ஏரிக்குள் என் வீட்டுச் சன்னல் கம்பிகள் தெரிந்தன. பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகுதான் படம் படமானது. சன்னலுக்கு எதிரே தொங்கவிட வேறு இடமே இல்லையென்றால், மேட் மேற்பரப்புக்கு ஏற்ற, மென்மையான நிறங்கள் கொண்ட படம் ஒன்றைத் தேடுவதே சரி. பொதுவாக இவ்வகைச் சாயங்கள் நேர் வெயிலில் நாளடைவில் மங்கும் என்பதால், வெயில் விழும் சுவரையும் தவிர்த்துவிட்டேன்.

சேவையைப் பொறுத்தவரை கட்டுமானத்தில் குறை காணவில்லை. மூலைகள் வளையாமல் வந்தன. பின்புறத் தாங்கி தகட்டைச் சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி நிறுத்துவதால் விளிம்பைச் சுற்றி விழும் மெல்லிய நிழல் அழகாக இருக்கிறது. சிறிய மாதிரித் தகடுகளைத் தனியாகக் கேட்டு வாங்கும் வசதி இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்; அதை முதலில் வாங்கியிருந்தால் மகளின் படத்தை அந்தத் தகட்டுக்குக் கொடுத்திருக்க மாட்டேன். அந்தப் படத்தை இப்போது காகிதத்தில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தகட்டுக்கு, மழை விட்ட இரவில் மொட்டைமாடித் தரையை எடுத்த படம் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அதில் மனிதர்கள் யாரும் இல்லை.